என் இடுப்பு சரியாகிவிட்டபடியால் தோட்டம் விற்பனைக்கு இல்லை

கம்பம்,
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

மதிப்புக்குரிய மச்சான் ரஃபி அவர்களுக்கு, உங்கள் தங்கை மாப்பிள்ளை ஜெய்லானி ஸலாம் கூறி எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கை மதீனாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். கூடலூரில் நீங்களும், வீட்டில் எல்லோரும், கடையும், கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த ஜீப்பும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். 'நலம்' என்று நான் எழுதியிருப்பதை வழக்கமான மரியாதை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள் மச்சான். இந்தக் கடிதத்தின் சாரமே அதுதான். நான் நலம். என் இடுப்பு நலம். ஆகவே வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நம் திராட்சைத் தோட்டத்தைப் பார்க்க கோம்பையிலிருந்து நீங்கள் கூட்டி வருவதாக இருக்கும் ஆளை, தயவுசெய்து, கூட்டி வரவேண்டாம்.

இதைப் போனில் சொல்லித் தொலைக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் 'மச்சான்' என்று ஆரம்பித்ததும் நீங்கள் "மதீனாட்ட குடுங்க" என்பீர்கள். மதீனாவிடம் கொடுத்தால் நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துவிட்டு என்னிடம் முடிவை மட்டும் சொல்வீர்கள். தோட்டத்தை விற்பது என்ற முடிவும் அப்படித்தான் எனக்கு வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் பாதி கேட்டுவிட்டு, பாதிக்கு மேல் ஏலக்காய் விலை கேட்கப் போய்விடுகிறீர்கள். கடிதத்தை நடுவில் யாரும் பிடுங்க முடியாது. அதனால்தான் பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதல்முறையாக உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்ற வார்த்தையைக் கவனியுங்கள். போன மாதம்வரை என்னால் வலியில்லாமல் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க முடிந்ததில்லை.

இந்த இடுப்பு எப்படிப் பிடித்தது என்று நீங்கள் மதீனா சொல்லித்தான் கேட்டிருப்பீர்கள். என் வாயால் கேளுங்கள். தோட்டத்துக் கேட்டில் அடிப்பூட்டு ஒன்று இருக்கிறதல்லவா, அதைத் திறக்கக் குனிந்தேன். பூட்டு திறந்தது. நான் நிமிரவில்லை. நம் கருத்தக்கண்ணன், தோட்டத்தில் கொடி வெட்டும் கவாத்து முதல் காவல் வரை எல்லாம் பார்க்கிறவர், நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து அவரும் பக்கத்தில் குனிந்து மண்ணைக் கிளற ஆரம்பித்துவிட்டார். "என்ன பாய் தேடுறீக? சாவியா?" என்றார். "ஒண்ணும் தேடலய்யா, என்னைய நிமித்து" என்றேன். அவர் ஒருபக்கம் தூக்க, நான் ஒருபக்கம் கத்த, ரோட்டில் போன ஜீப்பிலிருந்து எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாம் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது மச்சான். அதற்குப் பிறகு கம்பத்தில் எனக்கு வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. பால்காரர் சொன்னார், கேபிள் டிவிக்காரர் சொன்னார், இடுப்பு என்றால் என்னவென்றே தெரியாத வயசுப் பையன்கள் சொன்னார்கள்.

என் மகன், உங்கள் மருமகன் அஸ்லம், கோயம்புத்தூரிலிருந்து மெத்தை அனுப்பினான். இடுப்புவலிக்கென்றே செய்த மெத்தையாம். காற்றை உறிஞ்சி, சுருட்டி, பாய் மாதிரி ஒரு பெட்டிக்குள் வந்தது. இவ்வளவுதானா என்று அறைக்குள் வைத்துக் கத்தரிக்கோலைப் போட்டேன். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டு, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக விரிந்து, உள்பக்கம் திறக்கிற கதவையும் அடைத்துக்கொண்டு படுத்துவிட்டது. நான் உள்ளே, மதீனா வெளியே. "ஏங்க, மெத்த எப்பிடி இருக்கு?" என்று கேட்கிறாள். எப்படி இருக்கிறதா? மெத்தை இருக்கிறது, எனக்குத்தான் இடமில்லை. ஒருவழியாக அதில் படுத்தால் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி உள்ளே உள்ளே போகிறது, எழுந்திருக்க ஒரு பிடிமானம் இல்லை. மெத்தை ஆகாது, கட்டைப் பலகைதான் ஆகும் என்றார் ஒருவர். மதீனா மெத்தையைச் சுருட்டி மாடிக்கு ஏற்றினாள், பலகையை இறக்கினாள். பலகை ஆகாது, வெறுந்தரைதான் ஆகும் என்றார் இன்னொருவர். பலகையை மாடிக்கு ஏற்றினாள். தரையில் படுத்தால் விடிகாலை பஜ்ர் தொழுகைக்கு என்னை எழுப்ப இரண்டு ஆள் வேண்டியிருந்தது, இருந்ததோ மதீனா ஒருத்திதான். ஆகவே மறுபடியும் மெத்தையை இறக்கினாள். உங்கள் தங்கையைப் பற்றி உங்களிடமே குறை சொல்வதாக நினைக்கக் கூடாது, இந்த நாள்களில் அவளுக்குக் கோபம் கொஞ்சம் கூடிவிட்டது. நான் வலியில் முனகினால் அவளும் கூடவே முனகுகிறாள். நோயாளியைக் கேலி செய்வது நம் குடும்பத்தில் இல்லாத பழக்கம்.

பள்ளிவாசலில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், கேள்விப்பட்டாலும் வேறு மாதிரிதான் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடைசி வரிசையில் நாற்காலி போட்டுத் தொழச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்த மறுநாளே ஊரில் என்னை 'பெரியவரே' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே ஒருநாள் மதியம் லுஹர் தொழுகைக்கு வீம்பாக முன் வரிசையில் போய் நின்றேன். கடைசி ரக்அத், கடைசி ஸஜ்தா. நெற்றி தரையில் பட்டது. பட்டதுதான். தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் நிமிர்ந்து உட்கார்ந்தார், ஜமாஅத்தும் உட்கார்ந்தது, ஸலாம் கொடுத்தார்கள், துஆ ஓதினார்கள், நான் மட்டும் அப்படியே இருக்கிறேன். கத்தலாம் என்றால் பள்ளிவாசல். என் உதடு அசைவதைப் பார்த்து நான் ஏதோ உருகி உருகிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, எல்லோரும் சத்தமில்லாமல் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் உண்மையிலேயே உருகித்தான் கேட்டேன், யா அல்லாஹ், யாராவது ஒருத்தரை நிறுத்தி வை என்று. பின்னால் ஒருவர் விசும்புகிற சத்தம்கூடக் கேட்டது. கடைசியில் பள்ளியைப் பூட்டச் சாவியோடு காத்திருந்த, பாங்கு சொல்கிற மோதினார் வந்து காதோரம் குனிந்து, "ராவுத்தரே, ஒங்க ஈமான்ல பாதி எங்களுக்கு இருந்தாப் போதும், ஆனா நான் சாப்பிடப் போகணும்" என்றார். "இடுப்பு பிடிச்சிருச்சுய்யா, தூக்கு" என்றேன். தூக்கினார். ஆனால் அந்த விவரத்தை வெளியே சொல்லவில்லை போலிருக்கிறது. இன்றைக்கும் கம்பத்தில் சில பேர் என்னை வழிமறித்து, மகளுக்கு நல்ல இடம் அமைய துஆ செய்யச் சொல்கிறார்கள்.

அப்புறம்தான் குமுளி வைத்தியர். அவரைச் சிபாரிசு செய்தது நீங்கள்தான், அதனால் மரியாதையாக எழுதுகிறேன். நல்ல மனிதர். கை பார்த்தார், கால் பார்த்தார், ஒரு பெரிய புட்டி எண்ணெயைக் கொடுத்து, "ராவிலெயும் வைகிட்டும் நல்லவண்ணம் தேய்க்கணும், விடக்கூடாது" என்றார், அதாவது காலையும் சாயங்காலமும். தேய்க்கிறது என்றால் நான் எப்படி என் முதுகைத் தேய்ப்பது? மதீனாதான். நான் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொள்வேன், அவள் குனிந்து தேய்ப்பாள். எண்ணெய் தேய்த்த நேரம் சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த வாசனை இருக்கிறதே மச்சான், பெருங்காயத்தையும் பழைய சாக்கையும் சேர்த்துக் கொதிக்க வைத்த மாதிரி. டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு எனக்கு மட்டும் சொந்தமாகிவிடும். பக்கத்துத் தோட்டத்து மலைச்சாமி வளர்க்கிற கோம்பை ஜாதி நாய் என்னைக் கண்டால் குரைத்தே வீதியைக் கூட்டும், அதுவே அந்த நாள்களில் என்னைக் கண்டதும் வாலைச் சுருட்டிக்கொண்டு கட்டுத்தறிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இடுப்பு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

கடைசியில் தேனிக்குப் போய் எலும்பு டாக்டரைப் பார்த்தோம். ஸ்கேன் எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் வைத்து, என் முதுகெலும்பில் நாலாவதும் அஞ்சாவதும் சண்டை போட்டுக்கொண்டு இருக்கின்றன என்கிற மாதிரி விளக்கினார். "வெயிட் தூக்குவீங்களா? வண்டி ரொம்ப ஓட்டுவீங்களா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். மதீனா ஏதோ கேட்க வாயெடுத்தாள். "நீ இரு, நான் சொல்லிக்கிறேன்" என்று அவளை உட்கார்த்திவிட்டு என் வலியை நானே முழுசாகச் சொன்னேன், இல்லாவிட்டால் அவள் பாதியை விட்டுவிடுவாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரும்புப் பட்டை வைத்துத் தைத்த ஒரு பெல்ட்டை மாட்டிவிட்டு, "மூணு மாசம் குனியவே கூடாது" என்று அனுப்பினார்.

இங்கேதான் மச்சான் விஷயம் இருக்கிறது. அந்தப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். பந்தலுக்குள் நுழைந்தேன். தலை நேராகப் போய்க் கம்பியில் மோதியது. பின்வாங்கி மறுபடியும் நுழைந்தேன், மறுபடியும் மோதியது. தலைக்கு மேலே இருக்க வேண்டிய திராட்சைக் குலை என் இரண்டு காதிலும் தோடு மாதிரித் தொங்குகிறது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பந்தல் போட்டது என்னைப் பெற்ற அத்தா. அத்தா எவ்வளவு உயரம் என்று உங்களுக்குத் தெரியும், நிக்காஹ் போட்டோவில் அவருக்குக் கீழே முக்காலி போட்டிருப்பார்கள். பந்தலைத் தாங்குகிற கல்காலை எல்லாம் அவர் தன் கைக்கு எட்டுகிற அளவில் ஊன்றிக் கம்பி இழுத்துவிட்டார். நானோ அம்மா வழியில் நெட்டையாக வளர்ந்தவன். கல்யாணமான நாளிலிருந்து நான் அந்தப் பந்தலுக்குள் தலையைத் தாழ்த்தி, இடுப்பை மடக்கித்தான் நடந்திருக்கிறேன். பழகிப்போய்விட்டதால் குனிகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. வைத்தியம் எல்லாம் பார்த்துவிட்டு நேராகப் போய் மறுபடியும் அதே பந்தலுக்குள் குனிந்திருக்கிறேன். அத்தாவை அடக்கிய கப்ருக்கு ஜியாரத் போனபோது, "நல்ல காரியம் பண்ணீக" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பந்தலை உயர்த்தலாமா என்று பார்த்தால் கல்காலை அசைத்தால் கொடி போய்விடும். கருத்தக்கண்ணன் யோசித்து, "பாய், முட்டி போட்டு நடந்தா என்ன?" என்றார். அவரிடம் கேட்டது என் தப்பு. நான்தான் முடிவு செய்தேன். வானத்தை ஏற்ற முடியாது என்றால் பூமியை இறக்க வேண்டியதுதான். கொடிக்குப் பங்கமில்லாமல், வரிசைக்கு நடுவில் நடக்கிற பாதையை மட்டும் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டச் சொன்னேன். மதீனா வந்து பார்த்துவிட்டு, "இடுப்பு போச்சு, சரி, மண்டைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். வெட்டினார்கள். இறங்கி நடந்தேன் மச்சான், தலைக்கும் கம்பிக்கும் நடுவில் காற்று போகிறது! என் தோட்டத்தில் நான் நிமிர்ந்து நடந்தது அன்றைக்குத்தான்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் சின்னதாக இருந்திருக்கும். ஊர் விடுமா? மலைச்சாமி வேலிக்கு மேல் தலையை நீட்டி, "என்ன பாய், பொதையலா?" என்றார். "ஆமா, என் இடுப்பு உள்ள கெடக்கு, தேடுறேன்" என்று வாய்க்கொழுப்பாகச் சொல்லிவிட்டேன். அது சாயங்காலத்துக்குள் 'ராவுத்தர் தோட்டத்தில் ஏதோ கிடைத்திருக்கிறது' என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டது. பிறகு வாய்க்கால் தண்ணீரைத் திருட்டுக் குழாய் போட்டு உறிஞ்சப் போகிறேன் என்று யாரோ மனு கொடுக்க, ஒரு அதிகாரி பைக்கில் வந்து இறங்கினார். குழாய் எங்கே என்றார். குழாய் இல்லை, நான்தான் இருக்கிறேன் என்று இறங்கி நடந்து காட்டினேன். அவர் நம்பவில்லை. அந்த முனைவரைக்கும் நடந்து தேடினார். அவரும் நெட்டை ஆள். திரும்பி வரும்போது முகம் மலர்ந்து, "இடுப்புக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா ரூல்ல இதுக்கு என்ன பேருன்னு தெரியலயே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். அந்த வாரமே மழை அடித்தது. பாதை முழுக்கத் தண்ணீர் நின்று, என் தோட்டம் தவளைகளின் கல்யாண மண்டபமாகிவிட்டது. கருத்தக்கண்ணன் வடிகால் வெட்டினார், அது மலைச்சாமி தோட்டத்துக்குள் போனது, அதற்கு ஒரு பஞ்சாயத்து. எல்லாவற்றையும் சமாளித்துவிட்டேன். ஏனென்றால் இதற்கிடையில் வலி போய்விட்டது. ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சியையும் விடாமல் செய்கிறேன். பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். ஸஜ்தாவுக்குப் போகிறேன், எல்லோரோடும் சேர்ந்து எழுந்திருக்கிறேன். முந்தாநாள் என் லுங்கி நுனியில் ஒட்டிய முள்ளை நானே குனிந்து எடுத்தேன். எடுத்துவிட்டு மறுபடியும் போட்டு, மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்.

ஆகவே மச்சான், தோட்டத்தை விற்க நீங்கள் எல்லோரும் சொன்ன ஒரே காரணம் என் இடுப்பு. அந்தக் காரணம் இப்போது இல்லை. அஸ்லம் கோயம்புத்தூரில் நாலாவது மாடியில் எனக்கென்று ஒரு அறை வைத்திருக்கிறானாம். நல்ல பிள்ளை. ஆனால் அங்கே போய் பால்கனியில் உட்கார்ந்து அடுத்தவன் வீட்டுத் துணி காய்கிறதை எவ்வளவு நேரம் பார்ப்பேன்? வெயில் பந்தல் இலைக்குள் புகுந்து பச்சையாகி என் சட்டையில் விழுகிற அந்தக் காலை நேரம் ஒன்று போதும் எனக்கு. பன்னீர் திராட்சை நிறம் திரும்புகிற வாரம் வந்தால் எனக்குத் தூக்கம் வராது, சந்தோஷத்தில். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மதீனாவிடம்கூடச் சொன்னதில்லை, சொன்னால் 'என்னையப் பாத்து இப்பிடி ஒருநா சொல்லிருக்கீகளா' என்று கேட்பாள். அந்தத் தோட்டம் போனால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. கோம்பைக்காரரிடம், மண்ணில் உப்பு என்று சொல்லுங்கள், தவளை என்று சொல்லுங்கள், எதைச் சொன்னாலும் சரி. அவர் மனம் நோகாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இந்தக் கடிதம் எழுதிய விஷயம் மதீனாவுக்குத் தெரியவேண்டாம். விற்பதில் அவள் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறாள் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. நீங்களாகவே மனம் மாறியதாக அவளிடம் சொல்லிவிடுங்கள். கருத்தக்கண்ணன் கையில் கொடுத்து, கூடலூர் போகிற ஜீப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் ஸலாமும், சின்னவர்களுக்கு என் துஆவும். உங்கள் கடைக்குப் பரக்கத்தும், உங்கள் எல்லோருடைய முதுகெலும்புக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் தருவானாக, ஆமீன்.

என்றும் உங்கள் அன்புள்ள,
நிமிர்ந்து நிற்கும்
ஜெய்லானி

பின்குறிப்பு:

ரஃபி அண்ணே, இத நான் மதீனா எழுதுறேன். இந்த வீட்டுலருந்து எது வெளிய போனாலும் கருத்தக்கண்ணன் அண்ணன் எங்கிட்ட காட்டிட்டுத்தான் கொண்டுபோவாக, அது இவுகளுக்கு இன்னும் தெரியாது. முழுசும் படிச்சிட்டேன். ஒண்ணும் பொய் இல்ல. இவுக இடுப்பு நல்லாயிருச்சு, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனா நான் தோட்டத்த விக்கச் சொன்னது இவுக இடுப்புக்காக இல்லண்ணே. என் இடுப்புக்காக. காலையிலயும் சாயந்தரமும் கட்டிலுக்குக் குனிஞ்சு குனிஞ்சு தேச்சு, அந்தப் பாழாப்போன மெத்தைய மாடிக்கும் கீழக்கும் தூக்கி, இப்ப எனக்குக் குனிஞ்சா நிமிர முடியல. நான் சேர்ல ஒக்காந்துதான் தொழுகுறேன், ஒரே வீட்டுக்குள்ள இருக்குற மனுசன் கண்ணுல படல. தேனி டாக்டர்ட்ட எனக்கும் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னுதான் வாயத் தொறந்தேன். என்ன ஆச்சுன்னு இவுகளே எழுதிருக்காக பாருங்க. இவுக வலி வீடு பூரா கெடந்தப்ப என் வலிய எங்கன வைக்க? தோட்டம் போயிட்டா இவுக வேலைக்குப் போகவேணாம், எனக்கும் தேய்க்கிற வேல இருக்காதுன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல.

அந்தப் பச்ச வெயிலப் பத்தி எழுதிருக்கத படிச்சதும் எனக்கு அழுகை வந்துருச்சு. இப்பிடி எல்லாம் இவுகளுக்குப் பேச வரும்னு எனக்குத் தெரியாது. அதனால வெள்ளிக்கிழம அந்த ஆளக் கூட்டிட்டு வரவேணாம். நீங்க மட்டும் வாங்க. ஜீப்பு வேணாம், என் இடுப்பு தாங்காது, காரு எடுத்துட்டு வாங்க, என்னையத் தேனிக்குக் கூட்டிட்டுப் போகணும். இவுகளும் வரட்டும், வெளிய ஒக்காரட்டும். இந்தத் தாள இவுக கையில குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. நான் வாயால சொன்னா நடுவுல பேசுவாக.

டாக்டர் என்ன எண்ணெய் எழுதிக் குடுத்தாலும் இனி இவுகதான் எனக்குத் தேய்க்கணும், காலையிலயும் சாயந்தரமும். தேய்க்கிற வரைக்கும் தோட்டம் இவுகளுக்கு. கை வலிக்குதுன்னு ஒரு வார்த்த வரட்டும், அன்னைக்கே போன் போடுறேன், கோம்பைக்காரரக் கையோட கூட்டிட்டு வந்துருங்க.